ஸ்டிக்கரில் 250 வாட், மோட்டாரில் 1000 வாட்: பேட்டரி வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு

பஞ்சர் கடைக்காரர் காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க என் பேட்டரி வண்டியின் பின்சக்கரத்தில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் துணியால் தேய்த்தார். சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டாரில் ஒட்டியிருந்த ‘250 வாட்’ ஸ்டிக்கர் ஈரத்தில் சுருண்டு அவர் கையோடு வந்துவிட்டது. அடியில், இரும்பிலேயே பொறித்திருந்தது: 60 வோல்ட், 1000 வாட்.

“ஏனுங்ண்ணா, சட்டை ஒண்ணு ஆளு ஒண்ணால்ல இருக்குது” என்றார்.

வண்டி வாங்கி எட்டு மாதம். +2 படிக்கும் மகள் டியூஷன் போய்வர. வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர். அவளுக்கு 18 ஆகவில்லை என்பதால் நம்பர் பிளேட் உள்ள வேகமான ஸ்கூட்டர் பக்கமே போகவில்லை. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் கேட்காத, மணிக்கு 25 கி.மீ. வேக வண்டிதான் என்று முடிவு செய்தே ஈரோட்டில் அந்தக் கடைக்குள் நுழைந்தேன். ஓட்டிப் பார்த்தபோது, உண்மையைச் சொல்கிறேன், சலிப்பாக இருந்தது. மேட்டில் சைக்கிள்காரர் முந்திப் போனார். என் முகத்தைப் பார்த்ததுமே விற்பனைப் பையன் சீட்டைத் தூக்கினான். உள்ளே, மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து வளைந்து வந்த ஒரு வெள்ளை ஒயர்.

“இதைக் கழட்டி விட்டா 50 தொடுமுங்க. பேப்பர்ல 25தான். யாரும் கேக்க மாட்டாங்க.”

சரி என்று தலையாட்டினேன். என்னைத் திட்ட வேண்டியவர்கள் இந்த இடத்தில் தாராளமாகத் திட்டலாம். ஒயரைக் கழற்றியது அவன். 62,000 ரூபாயை எண்ணிக் கொடுத்தது நான்.

அந்த ஒயர் கழலும் முன்பே வண்டியின் ஜாதகம் வேறு என்று எனக்கு அப்போது தெரியாது. மோட்டார் 250 வாட்டுக்கும் கீழே, வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் கீழே, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்று இருந்தால்தான் சட்டம் அதை மோட்டார் வாகனமாகவே எண்ணாது. இதில் ஒன்று மீறினாலும் பதிவு, இன்சூரன்ஸ், லைசென்ஸ், ஹெல்மெட் எல்லாம் வந்துவிடும். ‘ஆர்.டி.ஓ. வேண்டாம், ஆனா 50 போகும்’ என்று ஒரு வண்டி சட்டத்தில் கிடையாது. மெதுவான வண்டி உண்டு, வேகமான வண்டி உண்டு. எனக்கு விற்றது இரண்டும் இல்லை.

போன மாதம் சந்து முனையில் மகள் ஒரு பெரியவர்மேல் உரசிவிட்டாள். முழங்கையில் சிராய்ப்பு, இரண்டு தையல். நல்ல மனுஷன், போலீசுக்குப் போகவில்லை. மருத்துவச் செலவைக் கொடுத்துவிட்டு வந்தேன். வக்கீல் நண்பரிடம் சும்மா சொல்லப் போக, அவர் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவை எடுத்துக் காட்டினார். மைனர் மோட்டார் வாகனம் ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. பெரியவருக்கு எலும்பு முறிந்திருந்தால் இழப்பீடு முழுக்க என் கையிலிருந்துதான் போயிருக்கும். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பேட்டரி வேறு. 12 வோல்ட் ஈய பேட்டரி ஐந்து. ஒரு முறை சார்ஜ் செய்தால் 70 கி.மீ. ஓடும் என்றார்கள். 50 வேகத்தில் முறுக்கியதில் ஆறே மாதத்தில் அது 30 கி.மீ.க்கு வந்துவிட்டது.

ஸ்டிக்கரோடு கடைக்குப் போனேன். முதலாளி அசரவில்லை. “பில்லுல 25-னுதானுங்க போட்டிருக்குது. ஒயரைக் கழட்டினது நீங்க.” மோட்டார் மேல் ஸ்டிக்கர் ஒட்டியதும் நானா என்று கேட்டேன். கம்பெனியில் அப்படித்தான் வருகிறது என்றார். வாங்கும்போது கொடுத்த சான்றிதழ் நகலை வீட்டில் எடுத்துப் பார்த்தால், அதில் இருக்கும் மாடல் பெயர் வேறு, பில்லில் இருக்கும் பெயர் வேறு. எட்டு மாதமாக நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

சரி, பதிவு செய்தே ஓட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. விற்பனைச் சான்றான படிவம் 21, தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் வேண்டும். இந்த வண்டிக்கு அவை பிறக்கவே இல்லை. ஒயரைத் திரும்ப மாட்டினாலும் மோட்டார் 1000 வாட்தானே.

வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் சக்கரத்தருகே குனிந்து, ஸ்டிக்கரை நகத்தால் கீறியே பாருங்கள். வாகனங்களைச் சோதித்துச் சான்று தரும் ஏ.ஆர்.ஏ.ஐ. அல்லது ஐகேட் அமைப்பின் சான்றிதழில் உள்ள மாடல் பெயர் பில்லில் எழுத்துக்கு எழுத்து வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ‘எஸ்டிமேட்’ சீட்டு வாங்காதீர்கள், ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் இல்லை. வண்டி போர்டிகோவில் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது, மகள் டவுன் பஸ்ஸில் போகிறாள். ஸ்டிக்கரைப் பசை காய்வதற்குள் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி, பில்லோடு சேர்த்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.