குமுளி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: ‘மணி அண்ட் ஐ’ பாடம் எப்படி?

குமுளியில் வாரநாள் இரவுகளில் நடக்கும் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் என் தம்பி மகனைச் சேர்த்துவிட்டு, ஆசிரியரின் அனுமதியோடு நானும் கடைசி பெஞ்சில் அமர்ந்து பாடம் கேட்டேன். தேக்கடிக்கு வரும் வெளிநாட்டவரோடு பேசிப் பிழைக்கும் ஜீப் ஓட்டுநர்களும், ஏலத்தோட்டம் சுற்றிக்காட்டுபவர்களும், கம்பம், கூடலூரிலிருந்து மலையேறி விடுதி வேலைக்கு வரும் இளைஞர்களும்தான் இங்கே அதிகம். கட்டணம் நியாயமானது, அறைதான் சிறியது. பிறர் பெயரோடு தன்னையும் சேர்த்துச் சொல்லும்போது யாரை முன்னே வைப்பது, ‘ஐ’ என்பதா ‘மீ’ என்பதா என்ற ஒரு பாடத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். வகுப்பின் தரம் அதிலேயே தெரிந்துவிடுகிறது.

‘நானும் மணியும் வருகிறோம்’ என்று தமிழில் சொன்னால் மணிக்கு எந்த மரியாதைக் குறைவும் இல்லை, மலையாளத்திலும் அப்படியே. நாம் காட்டும் மதிப்பு ‘நீங்கள்’, ‘அவர்’ என்பவற்றிலும் வினை விகுதியிலும் இருக்கிறது. ஆங்கிலத்திலோ மற்றவரை முன்னே சொல்லித் தன்னைக் கடைசியில் வைப்பதே பண்பு என்று கருதுகிறார்கள். அதனால்தான் ‘மணி அண்ட் ஐ’. இது நாகரிகம் சார்ந்த வழக்கமே தவிர இலக்கண விதி அன்று என்று ஆசிரியர் தொடக்கத்திலேயே பிரித்துக் காட்டியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ‘ஐ அண்ட் மணி’ என்று வாய் திறந்த பிள்ளையை அதட்டி உட்கார வைத்தால் அது மறுநாள் பேசவே பேசாது.

‘ஐ’யா ‘மீ’யா என்பதுதான் உண்மையான இலக்கணம். பெயரை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லிப் பாருங்கள் என்றார் ஆசிரியர். ‘ஹி கால்டு மணி அண்ட் ஐ’ என்பதில் மணியை எடுத்தால் ‘ஹி கால்டு ஐ’ என்று நிற்கும். அது பொருந்தாது என்று காதே சொல்லிவிடும். பணிவு என்றெண்ணி எங்கும் ‘ஐ’ போடுகிறவர்களுக்கு இது நல்ல மருந்து. அடுத்து, தமிழில் ‘நான்’ வந்தால் ‘ஐ’, ‘என்னை’, ‘எனக்கு’ வந்தால் ‘மீ’ என்று ஒரு சுருக்கு வழியும் கொடுத்தார். முதல் வழி முழுமையானது. இரண்டாவது பாதி தூரமே வரும். ‘மணிக்கும் எனக்கும் பசிக்கிறது’ என்பதை ஆங்கிலத்தில் ‘மணி அண்ட் ஐ ஆர் ஹங்ரி’ என்றுதான் சொல்ல வேண்டும். பசி, தெரிதல், பிடித்தல் போன்றவற்றில் நம் ‘எனக்கு’ ஆங்கிலத்தில் ‘ஐ’ ஆகிவிடுவதை அவர் சொல்லியிருக்க வேண்டும். மலையாளத்திலும் இதே அமைப்பு இருப்பதால், அந்த அறையில் இருந்த எல்லோருக்குமே அந்த விளக்கம் தேவைப்பட்டது.

அச்சிட்டுத் தரும் தாளில்தான் எனக்குக் குறை. முன்னிலை, படர்க்கை, தன்மை என்ற வரிசையை, போட்டித் தேர்வுப் பயிற்சிகளில் சொல்வதைப் போல 2-3-1 என்று போட்டு, பன்மைக்கு அதை 1-2-3 என மாற்றி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும்போது தன்னை முன்னே வைக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறார்கள். தேர்வு எழுதுகிறவர் மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஆனால் ஆங்கிலேயர் பலரே நட்பான பேச்சில் ‘மீ அண்ட் மை வைஃப்’ என்று இயல்பாகச் சொல்வதுண்டு. தாளை வேதமாக எடுத்துக்கொள்ளும் ஓட்டுநர், அப்படிப் பேசும் பயணியைப் பண்பற்றவர் என்று எண்ணிவிடக் கூடாது. ‘மைசெல்ஃப் முருகன்’ என்று அறிமுகம் செய்துகொள்ளும் நம்மூர்ப் பழக்கத்தைத் திருத்தும் பகுதி அதே தாளில் நன்றாக அமைந்திருக்கிறது.

விளக்கம் முடிந்ததும் இருவர் இருவராக நிற்க வைத்து, விடுதி விருந்தினரிடம் தொலைபேசியில் பேசுவது போல ‘தி டிரைவர் அண்ட் ஐ வில் கம் அட் சிக்ஸ்’ என்று சொல்ல வைத்தார்கள். கூச்சப்பட்டவர்களுக்கும் முறை வந்தது. பயணிகளிடம் பேசும் வேலையில் இருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு எழுத்துப் பயிற்சி இங்கே போதாது.