மூலிகை கேப்சூல் என்று நம்பி ஏமாந்தேன்

உடல் எடை குறைய, பசியைக் குறைக்கும் மூலிகை கேப்சூல் என்று சொல்லித்தான் விற்றார்கள். டப்பாவில் இலைப் படம், நாலைந்து செடிகளின் பெயர், "பக்கவிளைவு இல்லை" என்று பெரிய எழுத்து. எனக்கு ரத்த அழுத்தம் இருப்பதை முன்பே சொன்னேன். "வெறும் மூலிகைதான், தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்றார் விற்றவர்.

முதல் நாளே பசி சுத்தமாக அடங்கியது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், சந்தோஷப்பட்டுவிட்டேன். அப்புறம் வாய் உலர்ந்துகொண்டே இருந்தது, தூக்கம் போனது. இரண்டாவது வாரம், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது. போன் செய்து கேட்டால், "கொழுப்பு கரையும்போது அப்படித்தான் இருக்கும், நிறுத்திவிடாதீர்கள்" என்கிறார். பணம் போனதைக்கூட விட்டுவிடுவேன், இந்தப் பதிலை மன்னிக்க முடியவில்லை.

மருத்துவமனையில் பார்த்தபோது அழுத்தம் 170/110. மருத்துவர் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, சிபுட்ரமின் கலந்திருக்கலாம் என்றார். எடை குறைக்க, பசியை அடக்க ஒரு காலத்தில் மருத்துவர்கள் சீட்டு எழுதிக் கொடுத்த மருந்துதான் அது. சுமார் 10,000 பேரிடம் நடந்த ஆய்வில், இதய நோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்ததால் 2010-ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையை நிறுத்தினார்கள். ஆனால் 'இயற்கை' என்று விற்கும் மெலிவு மாத்திரைகளில் அதை ரகசியமாகக் கலப்பது இன்னும் நிற்கவில்லை. லேபிளில் பெயரே இருக்காது. எவ்வளவு கலந்திருக்கிறது என்பதும் தெரியாது. மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு இது இன்னும் ஆபத்து, இரண்டும் சேர்ந்தால் செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் அளவுமீறிப் போகலாம்.

முறையான மருந்துகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவற்றுக்கும் கணக்கு உண்டு. பசியை அடக்கும் ஃபென்டெர்மின் மாத்திரையைச் சில வாரங்களுக்கு மட்டுமே கொடுப்பது வழக்கம். எடை குறைக்கப் போடும் செமாக்ளூடைடு ஊசியை வாரம் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, மெதுவாகத்தான் கூட்டுவார்கள். அழுத்தம், இதயம், கர்ப்பம், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எதையும் கேட்காமல் நீட்டுகிறவரிடம் தயவுசெய்து வாங்காதீர்கள். வாங்கிச் சாப்பிட்டுப் படபடப்போ நெஞ்சுவலியோ வந்தால், டப்பாவை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மிச்ச கேப்சூல்களை நான் தூக்கி எறியவில்லை. டப்பாவோடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறேன்.