பெர்ம்கேத்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

சென்ற வாரம் எங்கள் டயாலிசிஸ் பிரிவில் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்த இளைஞர் ஒருவர், கழுத்தில் தற்காலிகக் குழாயோடு படுத்தபடி, "அண்ணா, நீங்க நெஞ்சுல பெர்ம்கேத் வச்சிருந்தீங்களாமே, அதுல ஊசியே கிடையாதாமே, கையில ஆபரேஷன் பண்ணாம நானும் அதையே போட்டுக்கலாமா?" என்று கேட்டார். இயந்திரங்களின் கூவலுக்கு நடுவே பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை எழுதி வைக்கிறேன். பெர்ம்கேத் என்பது கழுத்துச் சிரைக்குள் செலுத்தி, தோலுக்கடியில் கொண்டுவந்து நெஞ்சில் வெளியே விடப்படும், நீண்ட நாள் வைத்துக்கொள்ளும் டயாலிசிஸ் குழாய். ஃபிஸ்டுலா என்பது கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்து, அங்கே ஊசி போட்டு டயாலிசிஸ் செய்ய வழி செய்வது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது உண்மை. குழாய் போட்ட மறுநாளே அதில் டயாலிசிஸ் செய்தார்கள். ஃபிஸ்டுலாவைப் போல அது தேறி வருவதற்கு ஒன்றரை மாதம், இரண்டு மாதம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி இல்லை. அதைவிட, இரண்டு கைகளும் நம் வசம் இருக்கின்றன. நான் மதுரையில் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்துபவன். நான்கு மணி நேரம் சாய்ந்து அமர்ந்து, இடது கையில் தாளும் வலது கையில் சிவப்புப் பேனாவுமாக ஒரு பாடநூலின் இரண்டு அத்தியாயங்களை முடித்த நாள்கள் உண்டு. இனி உருப்படியாக எந்த வேலையும் செய்ய மாட்டோம் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, வாரத்தில் இரண்டு நாள், தொலைபேசித் தொல்லைகூட இல்லாத வேலை நேரம் கிடைத்தது. இதை நான் எதிர்பார்க்கவேயில்லை.

குழாய் இருக்கும் இடம் நனையக் கூடாது என்பதால் குளியல் போயிற்று. தலைக்குத் தண்ணீர் என்பது, என்னைக் குனியவைத்து மனைவி சொம்பால் பின்பக்கமாக ஊற்றும் சடங்காகச் சுருங்கியது. இடுப்புக்கு மேலே ஈரத்துணிதான். சித்திரை வெயிலில் இது கொடுமை, ஆனாலும் பழகிவிட்டது.

பழகாமலே போனது ஒன்றே ஒன்றுதான்: அந்த 15 விநாடி. குழாயின் முனை இரண்டாகப் பிரிந்து, ஒன்றில் சிவப்பு மூடியும் மற்றதில் நீல மூடியும் இருக்கும். குழாயை அடைத்து வைக்கும் கவ்வியான கிளாம்ப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, மூடியைக் கழற்றி, திறந்த வாயையும் அதன் மரை வரிகளையும் ஸ்பிரிட் பஞ்சால் 10 முதல் 15 விநாடி அழுத்தித் தேய்த்து, காயவிட்டு, அதன் பிறகே இணைக்க வேண்டும். சிவப்புக்கு ஒரு பஞ்சு, நீலத்துக்கு வேறு பஞ்சு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வகுத்த வழிமுறையும் இதுதான், எங்கள் பிரிவின் சுவரில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ளதும் இதுதான். (அந்தத் தாளில் இரண்டு ஒற்றுப் பிழைகள் இருப்பது வேறு விஷயம்.) இணைக்கும்போது நோயாளி மாஸ்க் அணிந்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். எனக்குக் குழாய் வலப்பக்கம் என்பதால் முகம் இடப்பக்கச் சுவரைப் பார்க்கும். அந்தச் சுவரில்தான் கடிகாரம் மாட்டியிருக்கிறது. ஆக, என் நெஞ்சின் மேல் என்ன நடக்கிறது என்பதை என்னால் பார்க்க முடியாது, எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதை மட்டும் துல்லியமாகப் பார்க்க முடியும். மூடி கழலும் ஓசையிலிருந்து சிரிஞ்சு பொருந்தும் ஓசை வரை விநாடி முள்ளை எண்ணுவேன். மூத்த டெக்னீஷியன் கையில் அது 15, சில நாள் 18. காலை முதல் ஷிஃப்டின் அவசரத்தில், இளையவர் கையில் 4 அல்லது 5. ஒரு நாள் 2.

அடுத்தவர் விட்ட எழுத்தைக் கண்டுபிடிப்பதையே பிழைப்பாகக் கொண்டவன், இதைக் கண்டும் வாய் திறக்கவில்லை. கோபித்துக்கொண்டால் நாளை அதே கையில்தானே போய்க் கிடக்க வேண்டும் என்ற பயம்.

ஒன்பதாம் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வீட்டிலிருந்து நன்றாகவே சென்றேன். காய்ச்சல் இல்லை, குழாய் வெளிவரும் இடத்தில் சிவப்போ சீழோ இல்லை. இயந்திரம் ஓடத் தொடங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும், பேனா கைக்கு அடங்காமல் இழுத்தது. ஏசியின் குளிர் என்று நினைத்தேன். பற்கள் அடித்துக்கொண்டன, இரும்புக் கட்டில் அதிர்ந்தது, மூன்று கம்பளி போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை, காய்ச்சல் 102-ஐத் தாண்டியது. அன்று திருத்திக்கொண்டிருந்த நான்காம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பெருக்கல் வாய்ப்பாட்டின் குறுக்கே சிவப்புக் கோடு நிலநடுக்கம் பதிந்த வரைபடத்தைப் போல ஓடுகிறது.

அந்த அரை மணி நேரம் தற்செயலானதன்று என்று பின்னர் மருத்துவர் விளக்கினார். கிருமிகள் குழாயின் உள்சுவரில் வழுவழுப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதற்குள் குடியிருக்கின்றன. மருந்து அதற்குள் எளிதில் புகாது. நிமிடத்துக்கு 250 மில்லி என்ற வேகத்தில் ரத்தம் அதன் வழியே பாயும்போது, அவை பெயர்ந்து உடலெங்கும் சுற்றப் போய்விடுகின்றன. வீட்டில் நன்றாக இருப்பவருக்கு மெஷினில் போட்டதும் குளிர் எடுப்பது இதனால்தான். டயாலிசிஸுக்குச் சுத்திகரித்துப் பயன்படுத்தும் ஆர்.ஓ. தண்ணீரின் கோளாறாலும் இப்படி நடுக்கம் வருவதுண்டு என்பதால், தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓர் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுபவர்களும் இருக்கிறார்கள். குழாய் உள்ளவர்கள் அப்படிக் கிளம்பிவிடக் கூடாது. ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே, ரத்தத்தில் எந்தக் கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர் எடுத்தார்களா என்று கேட்டுவிட வேண்டும்.

எனக்கு வந்தது ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். பலருடைய மூக்கிலும் தோலிலும் சாதுவாக இருக்கும் கிருமி இது. ரத்தத்தில் ஏறினால் இதய வால்வு, முதுகெலும்பு என்று இடம் பிடித்து உட்கார்ந்துவிடும். இந்தக் கிருமி என்றால் குழாயை வைத்துக்கொண்டே மருந்து கொடுத்துப் பார்ப்பதற்கில்லை. தோலுக்கடியில் சதை பற்றிப் பிடித்திருந்த, குழாயைச் சுற்றியுள்ள பட்டையை மரத்துப்போக ஊசி போட்டு அறுத்து விடுவித்துக் குழாயை உருவினார்கள். தொடையில் தற்காலிகக் குழாய், இதய வால்வைப் பார்க்க எக்கோ ஸ்கேன், ஒவ்வொரு டயாலிசிஸ் முடிவிலும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக், நான்கு வாரம். பிறகு இரண்டாவது பெர்ம்கேத்.

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு இக்கிருமி ரத்தத்தில் ஏறும் வாய்ப்பு மற்றவர்களைவிட 100 மடங்கு என்று அதே அமெரிக்க மையம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. ஃபிஸ்டுலா உள்ளவர்களோடு ஒப்பிட்டால் குழாய் உள்ளவர்களுக்கு 6 மடங்கு. முதல் எண்ணை நான் மாற்ற முடியாது. இரண்டாவதை மாற்றியிருக்கலாம்: மூன்றாம் மாதமே ஃபிஸ்டுலா போட்டுக்கொள்ளச் சொன்னார்கள், குழாய் சுகமாக இருந்ததால் தள்ளிப்போட்டேன்.

அந்த 2 விநாடி நாளில்தான் கிருமி ஏறியது என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை. டிரஸ்ஸிங் நனைந்ததை இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்த குற்றம் எனக்கும் உண்டு. ஒரே டெக்னீஷியன் நான்கு கட்டில்களைப் பார்க்கிறார் என்பதும் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள்: நால்வர், ஆளுக்கு இரண்டு முனை, முனைக்கு 15 விநாடி என்றால் 2 நிமிடம், மெஷினிலிருந்து கழற்றும்போது இன்னொரு 2 நிமிடம். ஒரு ஷிஃப்டுக்கு 4 நிமிடம் இல்லாத இடத்தில், கைப்பேசியில் பேச மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறது? டயாலிசிஸ் முடிந்ததும் குழாயை நிரப்பி வைக்கும் மருந்திலும் முன்னேற்றம் வந்திருக்கிறது. கிருமிகளைக் கொல்லும் டாரோலிடினும் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் கலந்த கரைசல், 800-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் ஹெப்பாரின் மட்டும் நிரப்பியதைவிடத் தொற்று ஆபத்தை 71 சதவீதம் குறைத்தது, 2023 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதலும் பெற்றது. எங்கள் பிரிவில் இன்னும் வெறும் ஹெப்பாரின்தான்.

இரண்டாவது குழாயின்போது வாய் திறந்தேன். "தம்பி, நானே மணி பார்த்து எண்ணுறேன், பதினஞ்சுன்னு சொன்னதும் நிறுத்துங்க" என்றேன். முதல் வாரம் முகம் சுளித்தார். ஒரு மாதத்தில் அவரே வாய்விட்டு எண்ணத் தொடங்கினார். என் கட்டிலில் மட்டும்.

இப்போது இடது கையில் ஃபிஸ்டுலா. ஒவ்வொரு முறையும் தடிமனான இரண்டு ஊசிகள். நான்கு மணி நேரம் இடது கையை அசைக்கக் கூடாது. தாளை அட்டையில் கவ்வவைத்து ஒற்றைக் கையால் திருத்துவதில் வேலை பாதியாகிவிட்டது. வசதி என்ற ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால் பெர்ம்கேத்துக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். ஃபிஸ்டுலாவுக்கு இரண்டு கொடுக்கவே மனம் வராது. இருந்தாலும் தம்பி, நீங்கள் கையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும், இந்த மாதமே. ஊசி குத்தும் நாளில் என்னைக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ; ஆனால் நேற்று உங்களுக்கு இணைத்தபோது, பழக்கத்தில் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்புக்கு 7, நீலத்துக்கு 3.