வீடு விற்கும்போது 'இரண்டாவது ஈசி' கேட்டால் பணம் கொடுக்காதீர்கள்

கீழக்கரையில் உம்மா எனக்குக் கொடுத்த வீட்டை விற்க வேண்டிய நிலை. நாங்கள் சென்னைக்கு வந்து பல வருஷம் ஆகிறது. பூட்டிக் கிடக்கிற வீட்டை உப்புக்காற்று அரித்துக்கொண்டே இருந்தது. ஊரில் ஒரு புரோக்கரிடம் சொன்னேன், அவரும் ஆள் கூட்டி வந்தார், விலையும் ஒருவழியாகப் படிந்தது.

அப்புறம் ஒருநாள் அந்தப் புரோக்கரிடமிருந்து போன். "லாத்தா, ஈசி ரெடியா?"

"முப்பது வருஷத்துக்கும் போட்டு வச்சிருக்கேன் தம்பி." நான் சொன்னது வில்லங்கச் சான்றை, சொத்தின் மேல் பதிவான கடன், விற்பனையைக் காட்டும் காகிதத்தை.

"அது வில்லங்க ஈசி. இப்ப ரெண்டு ஈசி வேணும். இன்னொண்ணு எனர்ஜி சர்டிபிகேட், வீடு எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு. அது இல்லாம பத்திரம் பதிய மாட்டாங்க."

இரண்டையும் ஈசி என்றே சொன்னதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சார்பதிவாளர் ஆபீசில் புதுசாக என்னவோ கேட்கிறார்கள் என்று நினைத்து, 18,000 ரூபாயைப் போனிலேயே அனுப்பினேன்.

ஆய்வுக்கு என்று ஒரு பையன் வந்தான். கொரோனா நேரத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, அது மாதிரி ஒரு கருவி கையில். அதைச் சுவருக்கு நேரே பிடித்தான், ஃபேனை எண்ணினான், பழைய ஃப்ரிட்ஜில் இருந்த ஸ்டார் ஸ்டிக்கரைப் படம் எடுத்தான். இருபது நிமிஷத்தில் போய்விட்டான்.

நான்கு நாளில் கலர் பேப்பர் வந்தது. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டைகள், ஏ முதல் ஜி வரை எழுத்து. எங்கள் வீட்டுக்கு எஃப். கீழே காரணம் போட்டிருந்தது: சுவருக்கு இன்சுலேஷன் இல்லை, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி இல்லை, ஹீட்டிங் வசதி இல்லை. கீழக்கரை வீட்டுக்கு ஹீட்டிங் எதற்கு? அந்த வரியிலேயே நான் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டடி கனத்தில் சுண்ணாம்புக் காரைச் சுவர், நடுவில் முற்றம், எதிரெதிரே ஜன்னல். மே மாத மத்தியானத்திலும் கீழ்க்கூடத்தில் பாயைப் போட்டால் ஃபேன் இல்லாமல் தூங்கலாம். உம்மா கடைசி வரைக்கும் அங்கேதான் படுத்திருந்தார். கரண்டே அதிகம் கேட்காத வீடு அது. அதற்கு எஃப் போட்டிருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

பணம் போனதைவிடப் பெரிய அடி அதன் பிறகுதான். வாங்க வந்தவர் அந்தப் பேப்பரை நீட்டி, "கரண்ட் பில் தாளாது, நிறைய மாத்த வேண்டியிருக்கும்" என்று ஒன்றரை லட்சம் குறைக்கச் சொன்னார். மகன் காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். ஒத்துக்கொண்டு கிரைய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பத்திரம் எழுதுகிறவரிடம் காகிதங்களைக் கொடுத்தபோதுதான் விஷயம் உடைந்தது. "இது எதுக்கும்மா? மூலப்பத்திரம், வில்லங்கம், பட்டா, வீட்டு வரி ரசீது, ஆதார், பான் கொடுங்க. இதை யாரும் கேக்க மாட்டாங்க" என்று அந்தப் பேப்பரை மட்டும் தனியாகத் தள்ளி வைத்தார்.

இங்கிலாந்தில் இருக்கிற மகளுக்குப் படம் அனுப்பினேன். "உம்மா, இது இந்த ஊர் பேப்பர். இங்கே வீடு விற்கணும்னா கட்டாயம் வேணும், பத்து வருஷம் செல்லும்" என்றாள். குளிர் நாட்டு அச்சை அப்படியே எடுத்து எங்கள் வீட்டு முகவரியை மட்டும் போட்டிருக்கிறார்கள்.

பிறகு நானே விசாரித்தேன். நம் நாட்டில் இதைப் பார்ப்பது 2002ல் தொடங்கிய மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் ஸ்டார் ஒட்டுவது அவர்கள்தான். வீடுகளுக்கும் ஒரு ஸ்டார் முத்திரை உண்டு, ஆனால் அது விருப்பப்பட்டவர்கள் வாங்கிக்கொள்வது. அதிலும் நட்சத்திரம்தான், ஏ, பி, சி கிடையாது. 2018ல் வந்த இகோ நிவாஸ் சம்ஹிதா விதிகள் புதிதாகக் கட்டும் குடியிருப்புகளுக்கானவை. பழைய வீட்டை விற்பதற்கு எனர்ஜி சர்டிபிகேட் தேவையே இல்லை. நம் ஊரில் ஈசி என்றால் வில்லங்கச் சான்று ஒன்றுதான், அதைப் பதிவுத்துறை இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். யாராவது வேறு ஈசி கேட்டால், பணம் கொடுப்பதற்கு முன்னால் நேராகச் சார்பதிவாளர் ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறேன். புரோக்கர் தானும் ஏமாந்ததாகச் சொல்கிறார். வாங்குபவரோ ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்கிறார். அந்த விலைக்குறைப்பை என்ன செய்யலாம் என்று வக்கீல் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கருவியோடு அதே பையன் இப்போது ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கமும் வீடு வீடாகப் போகிறானாம். அங்கே வீடு விற்க இருப்பவர்கள் எனக்கு எழுதுங்கள். அந்தப் பேப்பரின் நகலை அனுப்புகிறேன், உங்களிடம் காட்டுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.