இலவச ஈரல் முகாமும் 18,500 ரூபாய் பொடியும்: மதுரைப் பக்கத்து ஆட்கள் படித்துவிட்டுப் போங்கள்

மாசி மாதம் ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச ஈரல் பரிசோதனை முகாம் நடந்தது. ஆட்டோவில் மைக் கட்டி மேலூர் வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார்கள். மூன்று மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வந்தால் ஈரலின் கொழுப்பையும் இறுக்கத்தையும் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இலவசம், ரத்தப் பரிசோதனை பாதி விலை என்றார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன். நடத்தியவர்கள் பெயரை இங்கே போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது தனியாக நடக்கட்டும்.

அம்மாவுக்கு 61 வயது. பதினாலு வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாகவே, "சாயங்காலமானா காலு ரெண்டும் பொதபொதன்னு ஆயிருதுத்தா, நடக்க முடியல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஈரல் நோயாக இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. "குடிக்காத பொம்பளைக்கு ஈரல்ல என்னத்தா வரப்போகுது" என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். சர்க்கரையும் உடல் எடையும் மட்டுமே ஈரலில் கொழுப்பைச் சேர்த்து, பல வருடத்தில் அதை வடுவாக்கி இறுக்கிவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது.

முகாமில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எங்களை உட்காரவைத்துப் பேசினார். டாக்டர் என்றே நினைத்தோம். மூன்று வாரம் கழித்துத்தான் அவர் டாக்டர் இல்லை, ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் என்று தெரியவந்தது. ஸ்கேன் சீட்டைப் பார்த்து, "கொழுப்பு கிரேடு ரெண்டும்மா. இப்பவே கழுவி எடுத்துட்டா சரியாப் போகும். விட்டுட்டீங்கன்னா கேன்சர்" என்றார். ஸ்கேனில் வந்த எண் என்ன என்று நான் கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்.ஜி.பி.டி. 46 என்று இருந்தது. ஈரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி அது. "பாருங்க, கொஞ்சம்தான் கூட இருக்கு, நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்றார். அதைக் கேட்டதும் மனசு லேசாகிவிட்டது. மூன்று மாதப் பேக்கேஜ் 18,500 ரூபாய். இரண்டு டப்பா பொடி, ஒரு டானிக், ஒரு உணவு அட்டை. தம்பி அவன் மனைவியின் தோட்டை அடகு வைத்துப் பணம் கொண்டுவந்தான்.

உணவு அட்டையில் முட்டை, மீன், கறி, பருப்பு எல்லாவற்றின் மேலும் பெருக்கல் குறி. காலையில் பழச்சாறு, மதியம் கஞ்சி, ராத்திரி மறுபடி கஞ்சி. சர்க்கரை நோயாளிக்குப் பழச்சாறா என்று அன்றைக்கே எனக்கு உறுத்தியது. வாய் திறக்கவில்லை. பெரிய மண்டபம், இவ்வளவு கூட்டம், இத்தனை மெஷின், தெரியாமலா சொல்லுவார்கள் என்று இருந்துவிட்டேன்.

அம்மா ஒரு வேளை விடாமல் சாப்பிட்டார். கன்னம் ஒட்டியது, தோள் எலும்பு தெரிந்தது. "கொழுப்பு கரையுதும்மா, நல்ல அறிகுறி" என்று போனில் சொன்னார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம், ஊரே மண்டகப்படிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அம்மாவுக்குப் புடவைக் கொசுவம் இடுப்பில் நிற்கவில்லை. கையும் காலும் குச்சியாகி வயிறு மட்டும் பானையாக இருந்தது. மறுநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. பொடியின் நிறம் என்று அம்மா சொன்னார். கவுன்சிலரும் போனில் அதையேதான் சொன்னார்.

தம்பிக்கு அது சரியாகப் படவில்லை. விடியற்காலையில் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஈரல் வடுவாகி இறுகும்போது ரத்தம் தாராளமாக உள்ளே போக முடியாமல் உணவுக்குழாயில் உள்ள ரத்தக் குழாய்கள் வீங்கும். அதில் ஒன்று கசிந்திருந்தது. எண்டோஸ்கோப்பி செய்து, கசிந்த இடத்தை இறுக்கிக் கட்ட வளையம் போட்டார்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தது, ஊரில் மகோதரம் என்பார்களே, அது.

வார்டில் ஒரு மருத்துவர் முகாமில் கொடுத்த அதே தாள்களை வாங்கிப் பார்த்தார். அவர் பார்த்தது எஸ்.ஜி.பி.டி.யை அல்ல. பிளேட்லெட் 92,000 என்று இருந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டார். ரத்தம் உறைய உதவும் அணுக்கள் அவை, ஒன்றரை லட்சத்துக்கு மேலே இருக்க வேண்டியது. ஸ்கேன் சீட்டின் மூலையில் 24.6 என்று அச்சாகியிருந்தது. அதற்கும் வட்டம் போட்டார். ஈரலின் இறுக்கத்தைக் காட்டும் எண் அது. 8க்குக் கீழே இருந்தால் கவலை குறைவு, 15ஐத் தாண்டினால் முற்றிய வடுவாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று விளக்கினார். அவர்கள் அடித்த சீட்டிலேயே, அவர்கள் மெஷினிலேயே அது இருந்திருக்கிறது. எங்களிடம் பேசியதோ கொழுப்பைப் பற்றி மட்டும். வயது, எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு நொதி, எஸ்.ஜி.பி.டி., பிளேட்லெட் நான்கையும் வைத்து ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரத்தில் எடுத்து, அதை எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும். அம்மாவின் எஸ்.ஜி.ஓ.டி. 58. போனில் போட்டுப் பார்த்தேன், 5.6க்கு மேலே வந்தது. 2.67ஐத் தாண்டினாலே ஈரல் நிபுணரிடம் போகச் சொல்கிறார்கள். மாசி மாதமே, செலவே இல்லாமல், ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஈரல் முற்றி வடுவான பிறகு எஸ்.ஜி.பி.டி. ஏறக்குறைய சரியாகவே இருக்கலாம் என்பதையும் அந்த வார்டில்தான் கேட்டேன். அந்த ஓர் எண்ணைக் காட்டி யாராவது தைரியம் சொன்னால் தயவுசெய்து அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

அங்கே முதலில் கேட்ட கேள்வி, "என்னென்ன முழுங்குறீங்க? எல்லாத்தையும் பையோட கொண்டாங்க" என்பது. முகாமில் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட டைக்ளோஃபினாக் மாத்திரையை உடனே நிறுத்தினார்கள். ஈரல் இறுகியவர்களுக்கு அது சிறுநீரகத்தையும் கெடுக்கும், ரத்தக் கசிவையும் கூட்டும். பொடியை நிறுத்தினார்கள். முட்டையும் பருப்பும் மீனும் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும், ராத்திரி படுக்கும் முன் ஏதாவது கொஞ்சம் சாப்பிட்டுத்தான் படுக்க வேண்டும், இல்லையென்றால் உடம்பு தன் சதையையே தின்னும் என்றார்கள். குறைக்க வேண்டியது உப்பை. அப்பளம், ஊறுகாய், அம்மாவுக்கு உயிரான கருவாடு எல்லாம் போயிற்று. இரண்டரை மாதம் நாங்கள் நேர்மாறாகச் செய்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தபிறகு அம்மாவே தினசரி நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் கேள்விகளை எழுத ஆரம்பித்தார். ஓபியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோகிறது என்று. முதல் கேள்வி, இது வெறும் கொழுப்பா, வடுவாகிவிட்டதா, எதை வைத்துச் சொல்கிறீர்கள். இந்த ஒன்றை மாசியில் கேட்டிருந்தால் அந்தப் பெண்ணால் பதில் சொல்லியிருக்க முடியாது. இன்றைக்கும் என்னை அரிக்கிற கேள்வி இதுதான்.

அடுத்தது, ஏன் வந்தது. சர்க்கரைதான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் ரத்தம் பார்த்தார்கள். அம்மாவுக்கு இரண்டும் இல்லை. சி இருந்திருந்தால் பெரும்பாலானவர்களுக்கு மூன்று மாத மாத்திரையிலேயே போய்விடுமாம். 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். பி இருந்திருந்தால் வீட்டில் எல்லோரும் பரிசோதனை செய்து, இல்லாதவர்கள் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். காரணம் கேட்காமல் மருந்து வாங்கினால் இதெல்லாம் விட்டுப்போகும்.

எது நடந்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஓடிவர வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொண்டோம். ரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு வலியோடு காய்ச்சல், பகலெல்லாம் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, பேச்சுக் குழறுவது. கடைசி இரண்டும் வயசானதால் என்று வீட்டில் விட்டுவிடுவோம். ஈரல் கழிக்காத நஞ்சு மூளைக்கு ஏறினால் அப்படி ஆகும். மலச்சிக்கல் வந்தாலே அது கூடும் என்பதால் அதற்கும் தனியாக மருந்து கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்க வேண்டும், ஈரலில் கட்டி வருகிறதா என்று பார்க்க. இதை நாங்கள் கேட்டபிறகுதான் தேதி போட்டுக் கொடுத்தார்கள். கூட்டம் அப்படி, அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை.

உங்கள் பக்கம் இப்படி முகாம் வந்தால் ஸ்கேன் எடுப்பதில் தப்பில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு வாருங்கள். பேசுபவர் டாக்டரா என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். டாக்டர் என்றால் மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும். எங்கள் பேக்கேஜ் சீட்டில் ஒரு பெயரும் இல்லை, எண்ணும் இல்லை, சீல் மட்டும் இருந்தது. அன்றைக்கே பணம் கட்டினால்தான் தள்ளுபடி என்றால் அங்கே நிற்காதீர்கள். ஈரலில் வடு சேர வருடங்கள் ஆகும். இரண்டு நாள் கழித்து இன்னொரு டாக்டரிடம் காட்டினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ரத்த வாந்தியோ கறுப்பு மலமோ இருந்தால் அந்த இரண்டு நாளும் கிடையாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். "டயட்ட ஒழுங்கா இருந்திருக்க மாட்டாங்க" என்று பதில் வந்தது. அம்மா அதைக் கேட்டு அழுதார், ஒரு கருவாட்டுத் துண்டைக்கூட அவர் தொடவில்லை. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவக் குறிப்புகளைக் கொடுக்க வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதியில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்தாயிற்று. நாம் கட்டிய பணம் 5 லட்சம் வரைக்கும் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. தபாலைப் பெற்றுக்கொண்ட கையெழுத்து அட்டை திரும்பி வந்துவிட்டது, குறிப்புகள் வரவில்லை. வந்தால் இதன் கீழேயே சேர்க்கிறேன்.