தப்புச் சத்தம் எதில் தப்பும்?

இலங்கை மலைநாட்டில், அட்டன் பக்கம் எங்கள் வீட்டு அலுமாரியில் மூன்று வகை ஒலி கிடக்கிறது: மாமாவின் எல்பி ரெக்கோட்டுகள் (ஊசி வைத்துக் கேட்கும் பெரிய இசைத்தட்டு), ஒரு ஸ்பூல் டேப் (திறந்த சுருளில் ஓடும் நாடா), அப்பா பதிந்த கேசட்டுகள். எதில் சத்தம் நன்றாக இருக்கும் என்று கேட்டால், நான் முதலில் பார்ப்பது வேகத்தைத்தான். நொடிக்கு எவ்வளவு நீளம் ஓடுகிறதோ, ஒலிக்கு அவ்வளவு இடம்.

வீட்டு ஸ்பூல் நொடிக்கு 19 செ.மீ. ஓடும். 1963இல் பிலிப்ஸ் கொண்டுவந்த கேசட்டோ 4.76 செ.மீ.தான். 3.81 மி.மீ. அகல நாடாவில் நாலு தடம் வேறு. இரைச்சல் வராமல் என்ன செய்யும்? சாதாரண கேசட்டில் இரைச்சலுக்கும் உச்சச் சத்தத்துக்கும் இடையே ஏறத்தாழ 50 டெசிபெல். நல்ல எல்பியில் அது 60ஐத் தாண்டும்.

எல்பிக்கு வேறு வருத்தம். விளிம்பில் நொடிக்கு 50 செ.மீ. ஓடும் பள்ளம், நடுவை நெருங்கும்போது 21க்கு இறங்கிவிடும். கடைசிப் பாட்டில் 'ஸ்' கரகரத்தால் ஊசியை மட்டும் திட்டாதீர்கள்.

ஆனால் எல்பியில் நாமாகப் பதிய முடியாதே! எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்தை அப்பா பதிந்தது பேட்டரி ரெக்கோடரில். தப்புப் பறையின் முதல் அடி விழுந்ததுமே நாடா தாங்கும் அளவு நிரம்பி, அடியின் கூர் மழுங்கிவிடும். தானாகச் சத்தத்தைக் குறைக்கும் மின்சுற்றும் பயந்து எல்லாவற்றையும் இறக்கிவிடும். பின்னால் பாடுகிறவர் குரல் கிணற்றுக்குள் போய்விடும். ஸ்பூல் இதைவிட நன்றாகத் தாங்கியிருக்கும், சரி, அதைக் கரண்ட் இல்லாத லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, யார் தூக்கிப் போவது?

ரேடியோப் பாட்டுக்குக் கேசட்டே தாராளம். மத்திய அலையில் 5 கிலோஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலி பெரிதாக எதுவும் வராது. நல்ல கேசட் 12 வரை பிடிக்கும்.

மலைநாட்டு ஈரம் வந்தால் வரிசை மாறிவிடும். பூஞ்சணம் பிடித்த எல்பியைக் கழுவலாம். கேசட்டில் அது நாடாவிலேயே ஒட்டி, நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் அழுக்காக்கும். 1970களின் சில ஸ்டூடியோ ஸ்பூல்களோ ஈரம் குடித்துப் பிசுபிசுத்து, ஓடவே மறுக்கும்.

போன மாதம் அந்தக் கூத்துக் கேசட்டைக் கணினியில் ஏற்றினேன். ஹெட்டின் சாய்வு ஸ்க்ரூவைக் காதால் கேட்டுக்கொண்டே கால் சுற்று திருப்பியதும், சலங்கை தனியாகக் கேட்டது. தப்பின் முதல் அடி மட்டும் மழுங்கலாகவே இருக்கிறது.