ஏல யார்டா, டீலரா, சொந்தக்காரரா: பழைய கார் எங்கே வாங்கலாம்?

முதல் பழைய காரை ஒரு டீலரிடம் வாங்கி ஐந்து வருடம் ஓட்டினேன். அதை விற்ற பிறகு, டியூ கட்டாததால் கடன் கொடுத்தவர்கள் தூக்கி வந்த வண்டிகளை ஏலம் விடும் யார்டில் அடுத்ததை எடுத்தேன். எடுத்து 14 மாதம் ஆகிறது. இரண்டு பக்கமும் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு ஏலத்துக்குத்தான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. கீழே அதிகம் பேசப்போவது அந்த நிபந்தனையைத்தான்.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏலத்தில் குறைவு, டீலரிடம் அதிகம், சொந்தக்காரரிடம் நேரடியாக வாங்கினால் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில். டீலர் கேட்கும் கூடுதல் பணத்துக்குப் பதில் உண்டு. வண்டியை ஓட்டிப் பார்க்கலாம், பல இடங்களில் சில மாத வாரண்டி தருவார்கள், பேப்பர் வேலையை அவர்களே முடித்துக் கொடுப்பார்கள், கடனுக்கும் அங்கேயே ஏற்பாடு ஆகும். கோளாறு வந்தால் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. ஏலத்தில் அந்த வாசல் கிடையாது. 'உள்ளது உள்ளபடி' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மூணு தரம் சொல்லி முடித்ததும் வண்டியின் குறை எல்லாம் எடுத்தவருடையது.

அப்படியிருந்தும் ஏன் ஏலம் என்கிறேன்? பழைய வண்டி பார்க்கப் போகும் யாருக்கும் முதலில் எழும் சந்தேகம், நல்ல வண்டி என்றால் ஏன் விற்கிறார் என்பதுதான். 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் இதையே எடுத்து ஆராய்ந்தார். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எது நல்லது, எது சொத்தை என்று தெரியாதவர் எந்த வண்டிக்கும் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க மனம் வராமல் ஒதுங்கிக்கொள்வார். போகப் போகச் சந்தையில் சொத்தை வண்டிகளே மிஞ்சும். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்த ஆய்வுதான் அடிப்படை.

டியூ பாக்கிக்காகத் தூக்கிய வண்டியில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. விற்க முடிவு செய்தவர் வேறு, ஓட்டியவர் வேறு. கியர் பாக்ஸ் சத்தம் போடுகிறது என்று யாரும் அதைத் தள்ளிவிடவில்லை. ஓட்டியவருக்கு வேலை போயிருக்கலாம், வியாபாரம் படுத்திருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போயிருக்கலாம். ஏலம் விடும் நிறுவனத்துக்குப் பாக்கி வசூலாவதுதான் குறி. வண்டிக்கு ஒப்பனை செய்ய அதற்கு நேரமும் இல்லை, அக்கறையும் இல்லை. டீலரிடம் வாங்கிய என் முதல் கார் புது மிதியடியும் பளபளக்கும் டாஷ்போர்டுமாக நின்றது. எஞ்சினைக்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். மூன்றாம் மாதம் வால்வ் கவரிலிருந்து ஆயில் வழிந்தபோதுதான் அந்தக் கழுவல் எதற்கு என்று புரிந்தது. யார்டில் வண்டி வந்த கோலத்திலேயே நிற்கிறது. கசிவு இருந்தால் கீழே மண்ணில் கறை தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எல்லாக் கார் ஏலமும் இந்தக் கணக்கில் வராது. டீலர்கள் தங்களிடம் விலை போகாததைக் கழித்துக்கட்டும் ஏலம் தனி. விபத்திலோ வெள்ளத்திலோ அடிபட்டு இன்ஷூரன்ஸ் நிறுவனம் ஒதுக்கிய வண்டிகளின் ஏலம் தனி. சில சமயம் மூன்று வகையும் ஒரே யார்டில் கலந்து நிற்கும். வண்டியை யார் விற்கிறார்கள் என்று பட்டியலில் பார்த்த பிறகுதான் பானட்டைத் திறக்க வேண்டும்.

சரி, நிபந்தனைக்கு வருகிறேன். தவணை கட்டவே திணறியவர் ஆயில் மாற்ற மட்டும் பணம் எடுத்து வைத்திருப்பாரா? பெரும்பாலும் மாட்டார். வண்டியைத் தூக்கும் நாளுக்கு முன்பே தவணை நின்றிருக்கும். தவணை நிற்பதற்கு முன்பே சர்வீஸ் நின்றிருக்கும். அதன் பிறகு யார்டில் வெயிலிலும் மழையிலும் கிடந்த காலம். கடைசி சர்வீஸிலிருந்து ஏல நாள் வரை வண்டியை யாரும் திரும்பிப் பார்க்காத இந்த இடைவெளிதான் ஏல வண்டியின் தலையெழுத்து. அது குறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நிபந்தனை. மாடல், நிறம், விலை எல்லாம் அப்புறம்.

நான் போன யார்டில் ஒரே மாடல், ஒரே வருடத்து வண்டி இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வெள்ளை வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. சாம்பல் நிற வண்டியின் இடது பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு நசுங்கல். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் வெள்ளையைத்தான் மொய்த்தார்கள். இரண்டிலும் பேட்டரி செத்திருந்தது. மீட்டர் டிஜிட்டல் என்பதால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்றுகூடப் பார்க்க முடியவில்லை. யார்டு ஊழியரிடம் கேட்டதும் ஜம்ப் ஸ்டார்ட் பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தார். வெள்ளை வண்டி 71,480 காட்டியது. ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்தூணில் சர்வீஸ் ஸ்டிக்கர்: அடுத்த ஆயில் மாற்றம் 58,000. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்ற வேண்டிய எஞ்சின் அது. அதன் பிறகு வேறெங்கும் மாற்றவில்லை என்றால், 48,000-ல் ஊற்றிய ஆயிலோடு 23,480 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பார்த்தேன். உட்புறம் தார் மாதிரி கறுப்பாக அப்பியிருந்தது. வழித்துப் பார்த்த விரலில் நகக்கண் வரை ஏறிவிட்டது.

சாம்பல் வண்டியில் மீட்டர் 66,300, ஸ்டிக்கர் 64,000. கெடு தாண்டி 2,300 கிலோமீட்டர், அவ்வளவுதான். மூடியின் அடியில் தேன் நிறத்தில் மெல்லிய படலம். நான் எடுத்தது அதைத்தான். வெள்ளை வண்டி அதைவிட நல்ல விலைக்குப் போனது.

ஆயிலை வைத்து ஏன் இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். கெடு தாண்டிய ஆயில் கெட்டியாகிக் கசடாகப் படியும். அந்தக் கசடு ஆயிலை உறிஞ்சும் வலையை அடைக்கும். பிறகு மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டுக்கும், டர்போ இருந்தால் அதன் பேரிங்குக்கும் ஆயில் போதுமான அளவு ஏறாது. வெளியே எதுவும் தெரியாது, ஸ்டார்ட் செய்தால் நன்றாகவே ஓடும். வாங்கியவர் புது ஆயில் ஊற்றி நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். கதவு நசுங்கலைத் தட்டி எடுத்துவிடலாம். தேய்ந்த எஞ்சினைப் பிரித்தால் ஏலத்தில் மிச்சம் பிடித்த பணம் மொத்தமும் அங்கேயே போய்விடும்.

ஸ்டிக்கர் இல்லாத வண்டியும் நிறைய வரும். அப்போது டிப்ஸ்டிக் என்ற ஆயில் அளவுக் குச்சி, மூடியின் அடிப்பகுதி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட்டின் நிறம், ஏர் ஃபில்டர் இந்த நான்கையும் பார்த்து ஊகிக்க வேண்டியதுதான். ஏர் ஃபில்டரை நான் நிறைய நம்புகிறேன். மாற்றச் செலவு குறைவான சாமான் அது. அதையே மாற்றாதவர் வேறு எதை மாற்றியிருக்கப் போகிறார்?

யார்டில் நின்றே கெடுவதும் உண்டு. அணைத்து வைத்த காரிலும் அலாரமும் பூட்டும் கணினியும் துளித்துளியாக மின்சாரம் குடிக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரி ஐந்தாறு வாரத்தில் காலி. இறங்கிய நிலையில் நாள்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து, சார்ஜ் ஏற்றினாலும் பழைய வலு வராது. ஆகவே புது பேட்டரி என்று முதலிலேயே செலவில் எழுதிவிடுங்கள். டயரில் பட்டன் இருந்தால் மட்டும் போதாது, வயதையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது, நின்ற வண்டியில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம். டிஸ்கில் செந்துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம், மேலாக இருந்தால் நாலு முறை பிரேக் அழுத்தியதும் போய்விடும். குழி விழுந்திருந்தால் மாற்ற வேண்டும். வால்வுகளைச் சரியான நேரத்தில் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் வைத்த எஞ்சின் என்றால், மாற்றியதற்குச் சீட்டு இல்லாத வரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வது நல்லது. பல எஞ்சின்களில் அது அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும்.

காரின் கணினியில் மாட்டிக் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எஞ்சின் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் பட்டியலில் பாதி 'முடியவில்லை' என்று காட்டினால், டீலரிடம் அது சந்தேகத்துக்குரிய விஷயம். கோளாறுக் குறியீட்டைச் சமீபத்தில் அழித்திருக்கலாம். யார்டில் அதே அடையாளம் பெரிதாக எதையும் சொல்லாது, பேட்டரி செத்ததாலேயே அந்த நினைவு போயிருக்கலாம்.

இத்தனையும் பார்த்த பிறகும் தெரியாமல் போவது, ஓட்டினால்தான் தெரியும் பாகங்கள். பெரும்பாலான யார்டுகளில் ஸ்டார்ட் செய்து பார்க்க விடுவார்கள், ஓட்டிப் பார்க்க விட மாட்டார்கள். என் வண்டியில் நான்காம் மாதம் கிளட்ச் போனது. முன்கூட்டியே பிடித்திருக்க வழியே இல்லை. பேட்டரி, நான்கு டயர், எல்லா ஆயில்களும், கடைசியில் கிளட்சும் சேர்த்து, ஏலத்தில் கொடுத்த தொகையில் ஐந்தில் ஒரு பங்கு செலவானது. அதையும் கூட்டிப் பார்த்தால்கூட, அதே மாடலுக்கு டீலர்கள் அப்போது கேட்ட விலையைவிடக் கீழேதான் நிற்கிறது.

அதனால் ஏலத்துக்குப் போகுமுன் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். அந்த வண்டி வெளியே என்ன விலைக்குப் போகும் என்பதிலிருந்து ஏலக் கட்டணம், வரி, வண்டியை இழுத்து வரும் கூலி, முதல் சர்வீஸ், பேட்டரி, டயர், இரண்டாவது சாவி எல்லாவற்றையும் கழியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறுக்கு என்று இன்னொரு தொகையையும் கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் உச்சக் கேட்பு. நான் அதை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் விடாமல் ஏற்றிக்கொண்டே போகும்போது கை தானாக எழும். அந்தத் தாள்தான் இரண்டு வண்டிகளில் என்னை மேலே ஏற்றிக் கேட்காமல் நிறுத்தியது.

சொந்தக்காரரிடம் நேரடியாக வாங்குவதைப் பற்றி என் அனுபவம் குறைவு. தங்கைக்காக ஒரே ஒரு முறை கூடப் போனேன். அந்த மனிதர் சர்வீஸ் பில்களை ஒரு ஃபைலில் வரிசையாக வைத்திருந்தார். மேலே நான் ஊகித்துத் தெரிந்துகொண்டதெல்லாம் அங்கே மேஜை மேல் இருந்தது. அப்படி ஒருவர் கிடைத்தால் ஏலத்தையே மறந்துவிடலாம். கிடைப்பது அபூர்வம் என்று நினைக்கிறேன், ஒரு தடவைப் பார்வையை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

பேப்பர் விஷயத்தில் டீலர் பக்கம்தான் நிம்மதி. ஏலத்தில் வண்டி மேல் இருக்கும் கடன் பதிவை நீக்கும் கடிதம் எப்போது கைக்கு வரும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்க வேண்டும். பேப்பரில் இருக்கும் 17 எழுத்து அடையாள எண்ணையும் வண்டியில் பொறித்த எண்ணையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. சில இடங்களில் ஏலம் முடியும் வரை பாக்கியைக் கட்டி வண்டியை மீட்கப் பழைய உரிமையாளருக்கு உரிமை உண்டு, கடைசி நேரத்தில் பட்டியலிலிருந்து வண்டி காணாமல் போனால் அதுவே காரணமாக இருக்கலாம்.

சாம்பல் வண்டியின் முன்சீட்டுக்கு அடியில் ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் மனசு என்னவோ செய்தது, ஏலம் கேட்காமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். ஏலத் தொகை பழைய உரிமையாளரின் கடனில்தான் கழியும். வண்டி எவ்வளவு நல்ல விலைக்குப் போகிறதோ, அவர் தலையில் மிஞ்சும் பாக்கி அவ்வளவு குறையும். யாரும் கேட்காமல் இன்னும் ஆறு மாதம் வெயிலில் நின்றால் அவருக்குத்தான் நஷ்டம்.

நாளை காலையே வேலைக்கு ஓட்டிப் போக வண்டி வேண்டும், வீட்டில் இருப்பது இந்த ஒன்றுதான் என்றால் டீலரிடம் போங்கள். ஏல வண்டியை எடுத்த பிறகு அதை நம்பி ஏற எனக்கு மூன்று வாரம் ஆனது. நம்பிக்கையான மெக்கானிக் ஒருவர் கைவசம் இல்லாதவருக்கும் ஏலத்தைச் சொல்ல மாட்டேன். எடுத்தால், முதல் வேலையாகப் பூட்டையும் சாவியையும் பாருங்கள். இழுத்து வந்த வண்டிக்குப் பெரும்பாலும் ஒரே சாவிதான் வரும், இன்னொன்று பழைய உரிமையாளரிடமே இருக்கும். புதுச் சாவியைப் பதியும்போது பழைய சாவிகளை வண்டியின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். வண்டியோடு இணைந்த செல்போன் செயலி இருந்தால் அந்தக் கணக்கையும் அன்றே துண்டித்துவிடுங்கள்.